கலைமானுக்குக் கண் திறந்த நாள்

என் மைத்துனன் கிச்சா பஞ்சாங்கத்தை நம்பிய அளவுக்கு உடன்பிறந்தவர்களைக்கூட நம்பியதில்லை. மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். லீவு நாட்களில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவான். வேலையில் கெட்டி, பிடிவாதத்தில் அதைவிடக் கெட்டி.

எழுபத்தெட்டில் சென்னையில் பல நாட்டு வாலிபால் போட்டி ஒன்று நடந்தது. வெளிநாட்டிலெல்லாம் பெரிய போட்டி என்றால் ஒரு மிருகத்தைச் சின்னமாக வைக்கிறார்களாம், நமக்கும் ஒன்று வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் கிச்சாவைப் பிடித்தார்கள். கிண்டிக் காட்டுக் கலைமான் என்று முடிவாயிற்று. வெறும் பொம்மை இல்லை. உள்ளே ஆள் நின்று, தொடக்க விழாவில் எல்லா அணிகளுக்கும் முன்னால் மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். மான் உயரமாகத் தெரிய வேண்டுமென்று பொய்க்கால் ஆட்டக்காரன் அம்மாசியைக் கிச்சா அழைத்து வந்தான்.

அம்மாசி ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வெல்டர். திருவிழாக்களில் கட்டைக் கால் கட்டி ஆடுவான். முந்தின வருஷம் ஆட்டத்தில் விழுந்து முழங்கால் உடைந்திருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடத்தானே கூடாது, நடக்கலாமே என்று தானாக ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டு வந்துவிட்டான்.

மூங்கில் சட்டம், காகிதக் கூழ், மேலே துணி என்று மான் எழுந்து நின்றது. கண் மட்டும் இல்லை. உள்ளே நிற்பவன் வெளியே பார்க்க வேண்டியதும் அந்தக் கண் ஓட்டை வழியாகத்தான்.

"கண்ண இப்பவே தொறந்துடு ஐயிரே. மாட்டிக்கினு நாலு நாள் நடந்து பாக்குறேன்" என்றான் அம்மாசி.

"வாகனமானாலும் சரி, மானானாலும் சரி, கண் கடைசிலதான் திறக்கணும். இன்னிக்கு நாள் சரியில்லை" என்றான் கிச்சா.

நாள் சரியாகவே வரவில்லை. வெள்ளிக்கிழமை அஷ்டமி, சனிக்கிழமை நவமி. ஞாயிறு சாயந்திரம் விழா. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏண்டா, உள்ள இருந்துண்டு அவன் பார்க்க வேண்டாமா?" என்று கத்தினேன். "அத்திம்பேர், இதுல நீங்க தலையிடாதேள்" என்று என் வாயை அடைத்தான்.

ஞாயிறு காலை மைதானத்துக் கொட்டகையில், கற்பூரம் காட்டி, எதிரே கண்ணாடி பிடித்து, கிச்சா மானுக்குக் கண் திறந்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கே உடம்பு சிலிர்த்தது. அம்மாசி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

வர்ணம் காய்ந்து, கட்டைகளைக் கட்டித் தலையை மாட்டுவதற்குள் சாயந்திரம் ஆகிவிட்டது.

"ஐயிரே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பக்கமும் நல்லா தெரியுது. எதுர்ல ஒண்ணியுமே தெரியல."

மானுக்குக் கண் பக்கவாட்டில்தானே! கிச்சா அச்சு அசலாக வைத்திருந்தான். வெளியே கொடிக்கம்பக் கயிறுகள், மைக் ஒயர்கள், மேடைப் படி. பக்கத்தில் யாராவது துணைக்கு நடக்கட்டும் என்றேன். சின்னம் தனியாகத்தான் வரவேண்டும் என்று கமிட்டிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது.

"எதிர்ல ரெண்டு ஓட்டை போடுடா!" என்றேன்.

கிச்சா கத்தியை எடுத்தான். மானின் முகத்தை அண்ணாந்து பார்த்தான். "கண் திறந்தாச்சே அத்திம்பேர். உசிர் வந்தாச்சு. இனிமே இது மேல கத்தி படப்படாது."

"வோணாம் ஐயிரே. நான் எப்டியாச்சும் போய்க்கிறேன்" என்றான் அம்மாசி. அவனுக்கும் அதே பயம். இரண்டு பேரையும் அறையலாம் போல் இருந்தது.

அம்மாசி ஓர் அடி வைத்தான். கட்டை தரையில் கிடந்த கயிற்றில் மாட்டியது. மான் அப்படியே சாய்ந்தது. நானும் கிச்சாவும் பாய்ந்து தாங்கிக்கொண்டோம். மானின் மார்போடு கிச்சாவின் காது அழுந்தியிருந்தது. உள்ளே அம்மாசிக்கு இரைத்த இரைப்பு எனக்கே கேட்டது.

கிச்சா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான்.

"கண்ணை மூடிக்கோ, அம்மாசி" என்று சொல்லி, மானின் முகத்தில் கத்தியை இறக்கினான்.

மான் வெளியே போனதும் அவன் கொட்டகைத் தட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"நடக்கறானா?"

"நடக்கறான்."

"கயிறெல்லாம் தாண்டிட்டானா?"

"தாண்டிட்டான்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. கிச்சா திரும்பவில்லை. மான் எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாசி திரும்பி வந்து மேஜைமேல் உட்கார்ந்ததும், கிச்சா தரையில் மண்டியிட்டுக் கட்டைகளின் கட்டுகளைத் தன் கையாலேயே அவிழ்த்தான். விரல்கள் அந்த முழங்காலைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தன.

"இன்னா ஐயிரே இது, கால தொட்டுக்கினு" என்று அம்மாசி கூச்சத்தில் நெளிந்தான்.

கிச்சா காலை விடவில்லை.