பாடு இல்லாதவள்

அந்த மனுவில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாளில் இருந்தது கணினி அச்சு. எங்கள் குப்பத்து அரசுத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் குறைவு, பெற்றோருக்கும் விருப்பமில்லை, ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளியோடு இணைத்துவிடலாம் என்றது அது. இரண்டாம் தாள் முழுக்கக் கையெழுத்துகள். கருத்துக் கேட்டு மேலதிகாரி அனுப்பிய நகலைத் தலைமையாசிரியை என்னிடம் நீட்டினார். ஆசிரியை ஆவதற்கு முன் நான் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவள். தாளின் ஓரங்களையும் படிக்கும் பழக்கம் போகவில்லை. ஏழாவது கையெழுத்தின் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தது: “பஸ் காலைல ஏழு மணிக்கு வேணும்.”

பஸ் கேட்கும் மனு என்று சொல்லி வாங்கிய கையெழுத்துகள் அவை. வாங்கியவர் தனியார் பள்ளி நடத்துகிறவர். அவருடைய மஞ்சள் வேன் தினமும் எங்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு ஊரின் வேட்பாளராக அவரைத்தான் நிறுத்தப் போவதாகப் பேச்சு. இங்கே ஊர் ஒருவரைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு வாக்குப்பதிவு வெறும் சடங்கு.

சுற்றுக் குப்பங்களின் ஆசிரியர்கள் ஐந்து பேர், அவர் வேண்டாம் என்று ஊருக்குக் கடிதம் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அதை நடத்தும் பெரியதனக்காரர் அதைப் பிரிக்காமலே தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

“டீச்சரம்மா, உனக்கு இங்க இன்னா பாடு கீது?” என்றார் அவர்.

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அந்த முறைதான் பாடு. பாடு உள்ள ஆண்கள் மட்டுமே கூட்டத்தில் பேசலாம்.

“அவங்களுக்குப் பாடம்தான் கீது, பாடு ஏது?” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அப்பா எழுந்தார். “எம்பாட்ட இன்னிக்கு டீச்சருக்குக் குடுக்கறேன். காச்சல்னா மச்சானுக்குக் குடுக்கறதில்லியா? இன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சி.”

“தொண்ட கட்டினவன் இன்னாமா கத்தறான் பாரு!”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் இரண்டு தாள்களையும் படித்து முடித்தேன். ஓரத்தில் எழுதியிருந்தது யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அவரே சொன்னார். “யோவ், அது எங்கையெழுத்து! பஸ்ஸுக்குன்னு சொல்லித்தானே வாங்கினே?”

வேட்பாளருக்கு முகம்கூடச் சுருங்கவில்லை. “பஸ்ஸு வரல, ஒத்துக்கறேன். வேன் வந்துச்சா இல்லியா? இருபது புள்ளைக்கு ரெண்டு டீச்சர் இன்னாத்துக்கு, ஒருத்தருக்கொருத்தர் தொணைக்கா?”

“காட்டுப்பள்ளி துறைமுகத்துல எம்பையனுக்கு வேல வாங்கிக் குடுத்தவரு இவரு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவரையே நிறுத்தலாம் என்று கைகள் உயர்ந்தன. அந்தத் தாளில் ஏமாந்து கையெழுத்துப் போட்ட கைகள்தாம் அவை. வேட்பாளர் மேல் இருந்ததைவிட அந்தக் கைகள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. கூட்டம் கலையுமுன் இன்னொரு தீர்ப்பும் வந்தது. வெளியாளுக்குப் பாட்டைக் கொடுத்த குற்றத்துக்கு அந்த அப்பா அடுத்த இரண்டு முறை ஏரியில் வலை கட்டக் கூடாது. அது இறால் நன்றாகப் படும் மாதம்.

திங்கட்கிழமை காலை அவர் மனைவி பள்ளிக்கு வந்தார். மாற்றுச் சான்றிதழ் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“நீ மாத்தல் வாங்கினு போயிருவ. எங்களுக்கு இந்த ஏரிய வுட்டா இன்னா கீது? ஆம்பளைங்க கூட்டத்துல நின்னு படிச்சியே, ஒரு வூடு ஏறி வந்து எங்களுக்குப் படிச்சியா? புள்ளைய வேன்ல ஏத்தறது யாரு, அவங்களா?”

உண்மையை ஊரின் நடுவில் நின்று உரக்கப் படித்தால் போதும் என்று நம்பியிருந்தேன். அச்சானால் போதும் என்று ஒரு காலத்தில் நம்பியதைப் போல. இந்தக் குப்பத்தில் பாதி ஓட்டு பெண்களுடையது. அந்தத் தாளில் ஒரு பெண்ணின் கையெழுத்துக்கூட இல்லை என்பது, ஓரங்களைப் படிக்கிறவளான என் கண்ணில் படவே இல்லை.

பள்ளி விட்டதும் இருவரும் கிளம்பினோம். பள்ளி இங்கேயே இருக்க வேண்டும் என்று கையால் எழுதிய புதிய மனு என் கையில் இருந்தது. அதில் முதல் கையெழுத்து அவருடையது. முதல் வீடு அவர் நாத்தனாருடையது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அந்தப் பெண் தாளைப் பார்த்ததும் அரிவாள்மணையை விட்டு எழுந்தார்.

“இன்னொரு கையெழுத்தா? எங்க வூட்டு ஆம்பள ஒண்ணு போட்டு ஆனது போதும், ஆள வுடுங்கம்மா.”

கதவு சாத்திக்கொண்டது. அந்த வேட்பாளர் திருடியதில் கையெழுத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் ஒன்று.

“நாளைக்குத் திரும்ப வருவோம்டி!” என்று சாத்திய கதவைப் பார்த்துக் கத்திவிட்டு, அந்தத் தாய் அடுத்த வீட்டுப் படியில் கால் வைத்தார்.