கோட்டுக்கு வெளியே கிடந்தவன்

எனக்குக் கால்பந்து ஆடத் தெரியாது. அடக்கத்தில் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். கம்பெனி அணியில் சேரப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நான் உதைத்த உதையில் பந்து அசையவில்லை, ஷூ மட்டும் கழன்று கோலுக்குள் போனது. கேப்டன் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "அண்ணா, நீங்க லைன்ல நில்லுங்க" என்றார். அப்படித்தான் நான் லைன்மேன் ஆனேன்.

இந்த இடம் வரைக்கும் கதையை எல்லாரிடமும் சொல்வேன். டீக்கடையில், கம்பெனி பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். மிச்சத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஓசூரில் கம்பெனிகளுக்குள் நடக்கும் போட்டிகளில் நடுவில் ஓடும் ரெஃப்ரி மட்டும்தான் வெளியாள். பக்கக் கோட்டில் கொடி பிடிக்க ஒவ்வோர் அணியும் ஓர் ஆளைத் தர வேண்டும். ஓட முடியாதவனாக இருக்கலாம், தொப்பை வைத்தவனாக இருக்கலாம், மேனேஜருக்கு வேண்டியவனாக இருக்கலாம். எனக்கு முதல் இரண்டு தகுதிகளும் தாராளமாக இருந்தன. என் கொடி மெஷின் துடைக்கிற மஞ்சள் துணி, கம்பு உடைந்த துடைப்பத்தினுடையது. வேலை என்னவென்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கோல் அடித்தால் கொடியைத் தூக்க வேண்டும், நம் ஆட்கள் அடித்தால் குனிந்து ஷூ லேஸைக் கட்ட வேண்டும்.

ஆனால் பொய்யாகத் தூக்குவதற்கும் விதி தெரிய வேண்டும். எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசி இரண்டு பேரில் முன்னால் நிற்பவனையும் தாண்டி அவர்களுடைய கோலுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அவன் கூட்டாளி பந்தைத் தட்டிவிட்டால் ஆஃப்சைடு. அந்தக் கடைசி இரண்டு பேரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பராக இருப்பார். பார்க்க வேண்டியது பந்து தட்டியவனின் காலை விட்டுக் கிளம்பும் நொடியை. இவனிடம் வந்து சேரும் நொடியை அல்ல.

இந்தக் கடைசி வரியில்தான் நான் மாதக்கணக்கில் விழுந்து கிடந்தேன். மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் நான் பல வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். பீஸ் என் மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதைக் கையில் எடுப்பேன். எந்த மெஷினில், யார் கையில், எப்போது கெட்டது என்பதெல்லாம் என் தலைவலி இல்லை. வந்து சேர்ந்த இடத்தில் நல்லதா, ரிஜெக்டா, அவ்வளவுதான். மைதானத்திலும் அதையே செய்தேன். பந்து கிளம்பிய பிறகு வேகமாக ஓடி முன்னால் போனவர்களை எல்லாம் கொடி தூக்கி ரிஜெக்ட் செய்தேன்.

எனக்கு விதியைப் புரியவைத்தவர் ரெஃப்ரிதான். வாரத்தில் ஆறு நாள் வேறொரு கம்பெனிக்கு பஸ் ஓட்டுபவர், அத்திப்பள்ளியிலிருந்து வருவார். பாதிக் கன்னடம், பாதித் தமிழ்.

"ஏனு குரு, பஸ் கிளம்பும்போதுதான் யார் ஏறியிருக்கான்னு எண்ணணும். ஊர் போய்ச் சேந்தப்புறம் எண்ணினா, வழியில ஏறினவன் இறங்கினவன்லாம் எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து பந்தை பஸ்ஸாக நினைத்துக்கொண்டேன். தப்புகள் குறைந்தன. அவரும் உற்சாகமாகி, ஆட்டம் தொடங்குமுன் என்னிடம் குறுக்குக் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். அதில் ஒன்று இது.

"ஒருத்தன் கோலைத் தடுக்கப் போறான். சறுக்கி கோல் கோட்டுக்கு வெளிய போய் விழுந்துட்டான். ஆட்டம் நிக்கல. அவனக் கணக்குல சேப்பியா, மாட்டியா?"

"வெளிய கிடக்கிறவன எப்படிண்ணா சேக்கறது?"

"சேக்கணும். கோட்டு மேலயே நிக்கறான்னு வெச்சுக்கணும். இல்லேன்னா அவனவன் வேணும்னே வெளிய போய் நின்னுக்கிட்டு எதிராளிய மாட்டிவிட்டுடுவான். ஆட்டம் நிக்கிற வரைக்கும், இல்ல அவன் ஆளுங்க பந்த பெனால்டி பகுதிக்கு வெளிய ஏத்தி விடுற வரைக்கும், அவன் உள்ளதான்."

நம் ஊரில் இதெல்லாம் எங்கே நடக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அணியின் தடுப்பாட்டக்காரன் பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர், விவசாயக் குடும்பம். கழுத்தில் பச்சை நாடா அடையாள அட்டை. எங்களைப் போன்ற நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீல நாடா. பச்சை நாடாக்காரர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதிதாக வருபவனைப் போலத் திரும்பச் சேர்ப்பார்கள். அவன் அப்படிப் பலமுறை புதியவன் ஆகியிருந்தான்.

அந்த வருடம் எச்.ஆரில் ஒரு பேச்சு எழுந்தது. அணியில் ஆடும் கான்ட்ராக்ட் பையன்களைப் போட்டி முடிந்ததும் கம்பெனி ரோலில் எடுத்து நிரந்தரமாக்குவார்கள் என்று. ஆலை மேனேஜரே ஷிஃப்ட் கூட்டத்தில், "இதுவும் டியூட்டி மாதிரிதாம்பா" என்றார். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸுக்கு வராதவன் அடுத்த வாரம் முழுக்க நைட் ஷிஃப்டில் கிடந்தான்.

"பொண்ணு வீட்டுல ஒரே கேள்விதாண்ணா," என்பான் அவன். "பையன் என்ன படிச்சிருக்கான்னு கேக்கல, தண்ணி அடிப்பானான்னு கேக்கல. கம்பெனி ரோலான்னு கேக்கறாங்க."

"ஆகப் போறேன்னு சொல்லு."

"மூணு பொண்ணு வீட்டுல சொல்லியாச்சு. மூணு பொண்ணுக்கும் கல்யாணம் ஆயிடுச்சு."

இறுதி ஆட்டம் மத்திகிரிப் பக்கத்து மைதானத்தில். கம்பெனி பஸ்ஸில்தான் போனோம், எல்லார் முதுகிலும் கம்பெனி பெயர். மேனேஜர் குடும்பத்தோடு வந்து ஷாமியானா நிழலில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதியில் எங்கள் கோல் என் பக்கத்துக்கு வந்தது. இரண்டு அணியும் அதுவரை கோல் அடிக்கவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

எதிரணிக்காரன் அடித்த பந்து கோல்கீப்பரைத் தாண்டிவிட்டது. நம் பிரஸ் ஷாப் பையன் ஓடி வந்து, சறுக்கி, கோட்டின் விளிம்பில் அதைக் காலால் தட்டிவிட்டான். வந்த வேகத்தில் அவன் நிற்கவில்லை. கோல் கம்பத்தில் கால் மோதி, கோட்டுக்கு வெளியே போய் விழுந்தான். காய்ந்த விறகு ஒடிவதைப் போல ஒரு சத்தம். அவன் தட்டிய பந்து பெனால்டி பகுதிக்குள்ளேயே இன்னொரு எதிரணிக்காரன் காலில் போய் நின்றது. "ஏறுங்கடா, ஏறுங்கடா" என்று கேப்டன் கத்த, எங்கள் ஆட்கள் எல்லாரும் முன்னே ஓடினார்கள். எழுந்து வந்த கோல்கீப்பருக்கு எதிரே எதிரணியின் ஒரே ஓர் ஆள் தனியாக விடப்பட்டான். பந்து அவனுக்குத் தட்டப்பட்டது.

பார்த்தவர் எல்லாருக்கும் அது அப்பட்டமான ஆஃப்சைடு. நடுவில் கோல்கீப்பரைத் தவிர ஒருவருமில்லை. கொடியைத் தூக்க என் கை பாதி வந்துவிட்டது. அப்போதுதான் கம்பத்துக்குப் பின்னால் அவன் கால்களைப் பார்த்தேன். ஒரு கால் திரும்பியிருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கோல்கீப்பர் ஒன்று, அவன் இரண்டு. அவன் உள்ளேதான். என் கை இறங்கியது.

பந்து வலைக்குள் போனது.

வாழ்க்கையில் நான் செய்த சரியான காரியங்கள் குறைவு. அதில் ஒன்றை இருநூறு பேர் முன்னால் செய்தேன், இருநூறு பேரும் என் அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ரெஃப்ரி மட்டும் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கால் போன கோலம் அப்போது அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. பட்டிருந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தியிருப்பார், கோலும் விழுந்திருக்காது. பிறகு வெகுநாள் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். மேனேஜர் பரிசளிப்புக்குக் காத்திராமல் காரில் ஏறினார். பையனை ஒரு குட்டி யானை வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டான். "ஏண்ணா தூக்கல?"

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் போனேன். இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். போர்வையில் மாத்திரை அட்டையைக் கோடாக வைத்து, மாத்திரைகளை ஆட்களாக வைத்து விளக்கினேன். வெள்ளை மாத்திரை கோல்கீப்பர். சிவப்பு எதிராளி. கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு மஞ்சள்.

"இது நீ."

அவன் அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"வெளிய விழுந்து கிடந்தாலும் உள்ள இருக்கறதா வெச்சுப்பாங்களா?"

"ஆமா."

"நல்ல ரூல்ணா," என்றான். சிரிக்கப் பார்த்தான். "அப்ப நானும் ஆட்டத்துல இருந்தேன்."

பிறகு அந்த மஞ்சள் மாத்திரையை எடுத்து விழுங்கினான். வேளை ஆகியிருந்தது.

அடுத்த வாரம் எச்.ஆர். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சின்ன வயது, மரியாதையான பையன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"சும்மா ஃபார்மாலிட்டிண்ணா. நீங்கதான் லைன்ல நின்னவரு, கிட்ட இருந்து பாத்தவரு."

ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். விடுமுறை நாளில், சொந்த விருப்பத்தின்பேரில் விளையாடிய மேற்படி நபர், கோட்டுக்கு வெளியே தாமாகச் சென்று விழுந்து காயமடைந்ததை நேரில் பார்த்தேன் என்று டைப் செய்திருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

அந்தத் தாள் எதற்கு என்று எனக்குத் தெரியும். கம்பெனி வேலையில் பட்ட அடி என்று பதிவானால், கால் ஆறும்வரை அவன் கம்பெனியின் பொறுப்பு. ஆறி வந்ததும் வேலை தர வேண்டும். ரோல் பேச்சும் உயிரோடு இருக்கும். சொந்த விருப்பம் என்று எழுதிவிட்டால் அந்த நொடியோடு அவன் யாருடைய ஆளும் இல்லை.

நான் இன்ஸ்பெக்டர், கெட்ட பழக்கம் விடாது. வரி வரியாக அளந்தேன். விடுமுறை நாள், சரி. கோட்டுக்கு வெளியே, சரி. நேரில் பார்த்தேன், அதுவும் சரி. சொந்த விருப்பம், பொய். தாமாக, பொய். என் மேஜையில் இப்படி ஒரு பீஸ் வந்தால் யோசிக்காமல் சிவப்புத் தொட்டியில் போட்டிருப்பேன்.

"பஸ் கம்பெனி பஸ்தானே தம்பி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது லிஃப்ட் குடுத்ததுண்ணா." அவர் என் முகத்தைப் பார்க்காமல் டீயைக் கலக்கினார். "மேனேஜர் சார் உங்க மேல கொஞ்சம் வருத்தத்துல இருக்காரு. கப் போச்சுல்ல. சூப்பர்வைசர் புரமோஷன் லிஸ்ட் வேற அவர் டேபிள்லதான் இருக்கு. நான் பேசிக்கறேன், நீங்க இத முடிச்சுக் குடுத்துடுங்க."

பந்து கிளம்பும் நொடி இதுதான் என்று தெரிந்தது. அன்றைக்கு மைதானத்தில் அரை நொடி போதுமாக இருந்தது. இங்கே டீ ஆறும்வரை நேரம் இருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா, ஒரு ஜோக் அடித்தேன். "தூக்காத கொடிக்கே ஊர் கூடித் திட்டுச்சு. போடாத கையெழுத்துக்கு யார் யார் திட்டுவாங்களோ" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து மேஜைப் பெண்ணும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கட்டுப் பிரித்து அவன் ஊன்றுகோலோடு வந்த அன்று கேட்டில் அவன் அட்டை வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி இரண்டு முறை தேய்த்துப் பார்த்து, கான்ட்ராக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னாராம். கான்ட்ராக்டர், கம்பெனியைக் கேள் என்றாராம். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டேன். அன்று எனக்கு முதல் ஷிஃப்ட், கேட்டுக்கு ஐம்பது அடியில்தான் இருந்தேன். வெளியே போகவில்லை.

சூப்பர்வைசர் ஆனேன். வெள்ளைச் சட்டை, தொப்பையை இன்னும் எடுப்பாகக் காட்டுகிறது.

போன மாதம் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு சூளகிரியில் நெடுஞ்சாலை ஓரம் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். "அண்ணா" என்று குரல். பின்னால் ஒரு குடோன் கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் காவலுக்கு உட்கார்ந்திருந்தான். எழுந்து வந்தான். நாலு அடி தூரம்தான், ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. இடது கால் ஒவ்வோர் அடிக்கும் வெளிப்பக்கமாக ஒரு வளைவு போட்டுவிட்டுத்தான் தரைக்கு வந்தது.

"என்னண்ணா, இன்னும் கொடி புடிக்கறீங்களா?"

"விட்டாச்சு. கை வலிக்குது."

"பொய் சொல்லாதீங்க. துடைப்பத்துல என்ன வெயிட்டு."

நலம் விசாரித்தோம். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவனே கம்பெனிப் பேச்சை எடுத்தான்.

"எச்.ஆர்ல உங்ககிட்ட எழுதி வாங்கினாங்களாமே."

பஸ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

"நீங்க உள்ளத உள்ளபடிதான் எழுதிருப்பீங்க, எனக்குத் தெரியும். அன்னைக்கு அத்தன பேரு திட்டியும் கொடியத் தூக்கலயே நீங்க. அந்தக் கான்ட்ராக்டர்காரன்தாண்ணா எல்லாத்தையும் அமுக்கிட்டான். வீட்டுலயும் சொன்னேன், ஒருத்தராவது எனக்காக எழுதினாருன்னு."

எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும் வாய் இது. சாவு வீட்டிலும் அன்று காலை இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வந்திருந்தது.

"ம்" என்றேன்.

பஸ் வந்தது. என் பையை அவனே வாங்கிப் படிக்கட்டு வரை நொண்டிக்கொண்டு வந்து ஏற்றிவிட்டான்.