தோட்டா இருக்கிறதா என்று கேட்டேன்

சுதந்திரம் வந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருக்கும். சேலத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்கப் போய், தேவராஜ மொஹல்லாவில் ஒரு மோட்டார் பட்டறையில் பெயின்டராக இருந்தேன். கன்னடம் அரைகுறைதான். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை நான்.

ஒரு நாள் ஹுன்சூர் பக்கத்து விவசாயி ஒருவர், பன்றி விரட்ட வைத்திருந்த லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். துருவேறி, மடக்கித் திறக்கவே முடியவில்லை. லாரியின் புகைக்குழாய்க்கு நாங்கள் அடிக்கும், சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டை இதற்கும் அடித்துத் தரச் சொன்னார். அதை அடித்துவிட்டுச் சூட்டில் வைத்தால்தான் இறுகும். அப்புறம் சுரண்டினாலும் வராது. அதற்கென்று கரி அடுப்பின் மேல் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தோம்.

சூட்டில் வைக்கிற சாமானாயிற்றே, கேட்டுவிடுவோம் என்று, "யஜமானரே, தோட்டா இதெயா?" என்றேன். என் கன்னடத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"இல்லப்பா, எல்லா மாரிபிட்டெ" என்றார். எல்லாவற்றையும் விற்றுவிட்டாராம். நல்லதாய்ப் போயிற்று என்று துருவைத் தேய்த்து, மரக்கட்டையைக் கழற்றி, பெயின்ட் அடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி சின்னது, குழலின் வாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக்கே ஸ்பிரே கன்னால் அடிக்கிறான் என்று பட்டறையில் ஒரே கேலி.

மார்கழிக் குளிர். பட்டறை வாசலில் பூ கட்டும் அக்கா, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி, கூடையோடு வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். குழல் அவள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை.

காபி குடித்துவிட்டு வந்த விவசாயி என்னிடம் பரிவாகக் கேட்டார்: "நிமகெ தோட்ட பேகித்தா? நம்ம பாவ மார்த்தாரெ, தெங்கின தோட்ட." அவருடைய மைத்துனர் தென்னந்தோப்பை விற்கிறாராம், எனக்கு வேண்டுமா என்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கன்னடத்தில் தோட்ட என்றால் தோட்டம். நான் கேட்டது தோட்டாவை. அவர் விற்றது தோட்டத்தை. "குண்டு, ஒளகெ குண்டு இதெயா?" என்று குழறினேன்.

"இதெ. ஒந்து சிக்கிகொண்டிதெ" என்றார் சாவகாசமாக. உள்ளே ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி திறக்காததற்குக் காரணமே அதுதான்.

அக்காவை இழுத்துச் சுவரோரம் தள்ளினேன். பக்கவாட்டில் நின்று ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினேன். புஸ்ஸென்று புகை கிளம்பியது. வெடிக்கவில்லை. நன்றாக ஆறிய பிறகு, துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவரை அழைத்துவந்து தோட்டாவை எடுக்கச் சொன்னோம்.

"பூவெல்லாம் மண்ணாப் போச்சு. கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?" என்று அதுவரை திட்டிக்கொண்டிருந்த அக்கா, வெளியே எடுத்த தோட்டாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "சோறாக்கணும்ப்பா, புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

தெரியாத சொல்லாக இருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பேன். தெரிந்த சொல் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது "இல்லை" என்று சொன்னால், "எது இல்லை?" என்று கேட்காமல் விடமாட்டேன். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் அம்மா கையால் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது, இவர்கள் எரிச்சல் எனக்கு ஒரு பொருட்டாகவே படுவதில்லை.