கூட்டு, குறை

எங்கள் ஆல்பத்தில் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள், என்னைத் தவிர. படம் பிடிப்பவள் நான்தானே. "ஆல்பத்தப் பாத்தா இந்த வீட்டுக்கு மருமவளே வரலன்னு நெனைப்பாங்க" என்று மாமியார் கேலி செய்வார். நானும் சிரிப்பேன். வளைகாப்பு நெருங்கியபோது சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு படத்திலாவது நான் இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிறந்துவிட்டது.

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாம் என்றார் கணவர். வீட்டில் கேமரா இருக்கும்போது எதற்கு என்று மறுத்தேன். ரோஷக்காரி நான். அம்பகரத்தூரில் வாழ்க்கைப்பட்ட நாத்தனாரைப் பழக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பிரான்சுக்குப் போன உறவினர் ஒருவர் கொடுத்த கேமரா அது. உடம்பெல்லாம் வளையம், வளையத்துக்கு வளையம் எண்கள். எதையெல்லாம் அவள் திருப்பலாம், எதையெல்லாம் தொடக்கூடாது என்று யோசித்தேன். வெளிச்சத்துக்கான வளையத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைப் பிளாஸ்திரி போட்டுக் கட்டிவைத்தேன். எண்களை மறைத்து, ஒரு பக்கம் 'வெயில்', மறுபக்கம் 'நிழல்' என்று எழுதி ஒட்டினேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு சுருள் எடுத்துப் பழகினாள். கழுவி வந்த படங்களில் கூடம் அமாவாசையாக இருந்தது. வாசலில் நின்றவர்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தார்கள்.

"வெயில்னு எழுதினத எப்பம்மா வச்சே?" என்று கேட்டேன்.

"கூடத்துலதான் அண்ணி. இருட்டா இருந்துச்சு, கொஞ்சம் வெயில் வரட்டும்னு வச்சேன். வாசல்ல கண்ணு கூசுச்சு, நிழலுக்குத் திருப்பிட்டேன்."

கோபம் வாய்வரை வந்து சிரிப்பாகிவிட்டது. அவள் சொன்னது நியாயம்தானே. ரேடியோவானாலும் ஸ்டவ்வானாலும் நமக்கு என்ன வேண்டுமோ அதற்குத்தான் திருப்புகிறோம். இருப்பது வெயிலா நிழலா என்று பார்த்துத் திருப்பச் சொன்னது நான் ஒருத்திதான். ஒட்டியதைச் சுரண்டி எடுத்தேன். 'வெயில்' இருந்த இடத்தில் 'குறை', 'நிழல்' இருந்த இடத்தில் 'கூட்டு' என்று எழுதினேன்.

"கூட்டு இருக்கு, பொரியல் எங்க அண்ணி?" என்றாள், சளைக்காமல்.

வளைகாப்பன்று அவள் யாரையும் கேட்கவில்லை. கூடத்துக்குள் வந்ததும் தானே வளையத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கேமராவின் அந்தப் பக்கம், மணையில் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை, வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

படம் வந்தது. கன்னத்துச் சந்தனம் தெரிந்தது, ஒவ்வொரு வளையலும் தெரிந்தது. என் முகத்தை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம். மாமியார் அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டினார்.

சில வருடம் கழித்து என் மகள் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "எல்லாரும் இருக்கீங்க, நான் மட்டும் இல்ல" என்று உதட்டைப் பிதுக்கினாள். அவள் விரலைப் பிடித்து, படத்தில் என் வளையல்களுக்குக் கீழே வைத்தேன்.