படத்தின் முதுகைப் பார்க்கிறவர்

தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வருகிறார். "உட்காருங்கள்" என்று யாரும் சொல்வதற்கு முன் நேரே சுவருக்குப் போகிறார். அங்கே மாட்டியிருக்கும் படத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறார். லக்ஷ்மி படமானாலும் சரி, மகாராஜா படமானாலும் சரி, மாப்பிள்ளை இரவல் கோட்டில் நிற்கும் கல்யாணப் படமானாலும் சரி, ஓஸ்வால்ட் தைரியநாதனுக்கு முகங்களில் அக்கறை கிடையாது. பின்னட்டையைத் தட்டிப் பார்ப்பார். ஆணி தளர்ந்திருந்தால் பேனாக்கத்தியால் நெம்பி உள்ளே எட்டிப் பார்ப்பார். பிறகு தூசி படிந்த விரலை வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே நீட்டி, "ஒண்ணும் இல்லை. பொழைச்சே" என்பார். அதையும் திட்டுகிற குரலில்தான் சொல்வார்.

பெங்களூரில் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டுகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள். குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று விசாரிப்பார்கள். மரணம் என்ற வார்த்தையை வாயில் போடாமல், "ஏதாவது ஒன்று என்றால்" என்று சொல்லிக் கண்ணை மேலே உயர்த்துவார்கள். முதல் வருஷக் கமிஷனில் பாதியை நம் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகிவிட்டுப் போவார்கள். இத்தனை நாகரிகமும் ஓஸ்வால்டுக்கு வராது. "நீ சாவே. எப்போன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதுவரைக்கும் ஒழுங்கா கட்டு" என்பதுதான் அவருடைய வியாபாரப் பேச்சு முழுவதும். கமிஷனில் பங்கு கேட்டவர்களை அவர் வாசல்வரை விரட்டியிருக்கிறார். அது அவர்களுடைய வீட்டு வாசல் என்பதைக்கூட அவர் பார்ப்பதில்லை.

வயது ஐம்பது. கண்டோன்மெண்ட் என்கிற தண்டுப் பிரதேசத்தில் சூலை மாதா கோயிலுக்குப் பின்புறம் வீடு. காக்கித் தொப்பி, முழங்கை வெளுத்த கோட்டு, கயிற்றால் கட்டிய காரியருள்ள சைக்கிள். மூன்று கம்பெனிகளுக்கு ஏஜெண்ட், எந்தக் கம்பெனிக்கும் ஆள் இல்லை. கோபத்தைக் கூட அவர் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்: கம்பெனிகளை இங்கிலீஷில் வைவார், புருஷர்களைத் தமிழில் வைவார், சைக்கிளை உருதுவில் வைவார். சைக்கிள் ஒன்றுதான் இதுவரை திருந்தியிருக்கிறது.

அவரிடம் பாலிஸி எடுக்க ஒரே ஒரு நிபந்தனை உண்டு. மனைவி கூடத்துக்கு வரவேண்டும். பாலிஸிப் பணம் அவள் பேருக்கே எழுதப்பட வேண்டும். அதன் நம்பரை அவள் மனப்பாடம் செய்யவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து நம்பரை ஒப்பிக்கச் சொல்வார். சரியாகச் சொன்னால் நோட்டில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. தவறினால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

"நம்பர் உங்கள் நோட்டிலேயே இருக்கிறதே" என்று ஒரு முறை கேட்டுவிட்டேன்.

"என் நோட்டு யாருக்கு சாட்சி? ஏஜெண்டு நோட்டைக் காட்டினா கமிஷன் திருடன்னுவான். புருஷன் செத்த வூட்ல மொத மொத என்னா சொல்றானுங்க தெரியுமா? 'அவளுக்கு இன்னா தெரியும்?' அந்தப் பேச்சு பேசறவன் வாயை அடைக்க அவ வாய்தான் வேணும். என் வாய் போதாது."

அவருடைய வாயே போதாத இடம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜெயராஜ் என்ற கட்டட மேஸ்திரி பெரிய தொகைக்குப் பாலிஸி எடுக்க வந்து, "வூட்ல தெரிய வேணாம் சார்" என்று குழைந்திருக்கிறார். பூர்த்தி செய்த பாரத்தை ஓஸ்வால்ட் நாலாகக் கிழித்தார். "பொஞ்சாதிக்குத் தெரியாம பண்றதுக்கு ஊர்ல எவ்வளவோ காரியம் இருக்கு. அதெல்லாம் பண்ணிக்கோ. இதைப் பண்ணாதே!" அந்தக் கமிஷன் கிடைத்திருந்தால் காரியருக்குக் கயிறு தேவைப்பட்டிருக்காது.

அவருடைய மனைவி நோரா அம்மாள் தினமும் ஜெபமாலை முடிந்ததும், பிதா சுதனுக்கு அப்புறம் மூன்று பாலிஸி நம்பர்களைச் சொல்லிவிட்டுத்தான் 'ஆமென்' சொல்கிறாள். என் வீட்டில் மனைவி ரமாவும் நீலக் கோடு வாங்கியவள்தான். கேட்டவுடன் கொஞ்சமும் தயங்காமல் ஒப்பிக்கிறாள். அந்த உற்சாகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் நினைப்பதுண்டு.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று விசாரித்தேன். ஓஸ்வால்டுக்குப் பத்து வயதில் பிளேக் வந்தது. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்த தகப்பனார் மூன்று நாளில் போனார். சுகாதாரச் சிப்பந்திகள் வந்து, தொற்று என்று வீட்டுச் சாமான்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள். தாய் ஒரே ஒரு பொருளை முந்தானைக்குள் மறைத்துக் காப்பாற்றினாள்: திரு இருதய ஆண்டவர் படம். அப்புறம் பன்னிரண்டு வருஷம் பட்டாளத்துச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பிள்ளையை வளர்த்தாள். தினம் அந்தப் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஒரு வழி காட்டும்படி மன்றாடினாள். பார்வை மங்கிய பிறகு ஒரு நாள் துடைக்கும்போது படம் கைநழுவி விழுந்து கண்ணாடி உடைந்தது. பின்னட்டைக்குள்ளிருந்து தகப்பனாரின் பாலிஸி வெளியே வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் அங்கே செருகியிருக்கிறார். யாருக்கும் சொல்லவில்லை. வழி பன்னிரண்டு வருஷமும் மெழுகுவத்திக்கு நாலு விரற்கடை பின்னாலேயே இருந்திருக்கிறது. கம்பெனிக்கு எழுதினார்கள். கெடு கடந்துவிட்டதாகவும், குடும்பத்தாருக்குத் தங்கள் அனுதாபங்கள் என்றும் பதில் வந்தது. அனுதாபம் நல்ல காகிதத்தில் அச்சடிக்கப்பட்டிருந்ததாம்.

இனி ருக்மிணியின் விஷயம்.

வெங்கடகிருஷ்ணன் சர்க்கார் ஆபீஸான அட்டாரா கச்சேரியில் என் பக்கத்து மேஜைக்காரர், மல்லேஸ்வரத்தில் அடுத்த வீட்டுக்காரர். ஐந்து வருஷத்துக்கு முன் ஓஸ்வால்டிடம் பாலிஸி எடுத்தார். நம்பரைச் சொன்னதும் அவருடைய மனைவி ருக்மிணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். புருஷன் போனால்தான் பலன் தரும் எண்ணைச் சுமங்கலி வாயால் சொல்லுவதா? ஓஸ்வால்ட் பத்துத் தடவை வந்தார், பத்துத் தடவை கத்தினார். அவர் தலையைக் கண்டதும் அவள் ஒரு வாய் ஜலம் குடிக்க உள்ளே போய்விடுவாள். அவர் சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்ட பிறகுதான் திரும்பி வருவாள்.

"பேடப்பா, வேண்டாம், விட்டுடும். அபசகுனம்னு நினைக்கிறா" என்பார் வெங்கடகிருஷ்ணன்.

"சகுனம் பாக்கற வூட்ல சாவே வர்றதில்லையா சாமி?" என்று கேட்டுவிட்டு ஓஸ்வால்ட் சிவப்புப் பென்சிலை எடுப்பார். பத்துச் சிவப்புப் பெருக்கல் குறிகள்.

சென்ற ஆனியில் வெங்கடகிருஷ்ணன் ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போதே சாய்ந்துவிட்டார்.

காரியங்கள் முடிந்த மறுநாள். ஆனேக்கலிலிருந்து வந்திருந்த வெங்கடகிருஷ்ணனின் தமையனார் கஸ்தூரிரங்கன் கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். தாலுகா கச்சேரியில் காகிதங்களைப் பார்த்துப் பென்ஷன் வாங்கும் சிரஸ்தார். தம்பியின் மனைவியையும் இரண்டு பெண்களையும் ஆனேக்கலுக்கே அழைத்துப் போய் ரக்ஷிப்பதாகச் சபையில் அறிவித்தார். எல்லோரும் அவருடைய பெருந்தன்மையைக் கொண்டாடினார்கள். அவர் வீட்டுச் சமையற்காரி போன மாதம் நின்றுவிட்டாள் என்பதைச் சபையில் யாரும் சொல்லவில்லை. பிறகு எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை எடுத்தார். புருஷனைச் சேர்ந்த சகல வரவுகளையும் அவருடைய தமையனாரே வாங்கி நிர்வகிக்க ருக்மிணிக்குப் பூரண சம்மதம் என்று அதில் கண்டிருந்தது. அவள் கையெழுத்துதான் பாக்கி. சாட்சி போட ஒரு கௌரவமான மனிதர் தேவைப்பட்டார்; வேறு யாரும் அகப்படாததால் என்னை அழைத்தார்கள். நான் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அப்போது தொப்பி உள்ளே வந்தது. நேரே சுவருக்குப் போயிற்று.

"ஓய்! யாரங்கே? பெருமாள் படத்தைத் தொடாதேயும்!"

"பின்னாடிதான் பாக்கறேன். முன்னாடி நீங்க பாத்துக்கங்க." படத்தை விட்டுவிட்டு ஓஸ்வால்ட் திரும்பினார். "கிளெய்ம் பாரம் கொண்டாந்திருக்கேன். அம்மா கையெழுத்துப் போடணும்."

"என்ன கிளெய்ம்? என் தம்பிக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. பெட்டி பூரா நானே பார்த்தாச்சு. ஏதோ ஒண்ணு இருந்ததாம், பணம் கட்டாம அதுவும் போயிடுத்தாம்."

"எவன் சொன்னான்? சித்திரையில நான் ரசீது குடுத்திருக்கேன். இந்தா, நோட்டு!"

"உம்ம நோட்டு, உம்ம பென்சில், உம்ம கிறுக்கல். கமிஷன் வாங்கறவன் நோட்டை வெச்சுண்டு நான் சேவிக்கணுமா? உம்ம கம்பெனிக்காரனே வரட்டும், ஆத்துப் பொம்மனாட்டியைக் கேக்கட்டும். ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்லுவா. அவளுக்கு என்ன தெரியும்?"

இருபத்தெட்டு வருஷமாக ஓஸ்வால்ட் எதிர்பார்த்துக் காத்திருந்த வாக்கியம், ஓர் எழுத்துக் குறையாமல் வந்து விழுந்தது. அவர் கையில் பத்துச் சிவப்புப் பெருக்கல் குறிகள் இருந்தன. முகமும் அந்தப் பென்சில் நிறத்துக்கு வந்தது. உள் கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"அம்மா! அஞ்சு வருசமா கேட்டுட்டேன். இன்னிக்கி ஒரே ஒரு தபா சொல்லுங்க. இனிமே யாருக்கு அபசகுனம்?"

இதைவிடக் கொடிய வார்த்தையை எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. காரியம் செய்துவைத்த வாத்தியார் "சிவ சிவா" என்று சொல்ல வாயெடுத்து, தாம் இருப்பது ஐயங்கார் வீடு என்று ஞாபகம் வந்து, "நாராயணா" என்று முடித்தார். கஸ்தூரிரங்கன் எழுந்து நின்றார். புருஷனின் தமையனார் காதில் விழும்படி ருக்மிணி பதினாறு வருஷத்தில் ஒரு சொல் பேசியதில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

கதவுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"நாலு. பூஜ்யம். ஏழு. ஒண்ணு. ஆறு."

ஓஸ்வால்ட் நோட்டைப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார். குரல் நிற்கவில்லை.

"பத்திரம் அவரோட டிரங்குப் பெட்டியிலே, பழைய பஞ்சாங்கத்துக்கு அடியிலே இருந்தது. பெட்டி முந்தாநாள் வண்டியிலே ஆனேக்கலுக்குப் போயிடுத்து. பாரத்தைக் கொடுங்கோ, நான் கையெழுத்துப் போடறேன். அந்த இன்னொரு காகிதத்திலே போடமாட்டேன்."

கஸ்தூரிரங்கன் உட்கார்ந்து, மேல்வேஷ்டியை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடினேன். மூன்றாம் நாள் டிரங்குப் பெட்டி தானே திரும்பி வந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று தாம் கவனிக்கவே இல்லை என்று அவர் சொல்லி அனுப்பினார். அத்தனை வருஷம் பிறர் காகிதங்களைக் கவனித்தே பென்ஷன் வாங்கியவருக்குக் கடைசியில் இப்படி ஒரு கவனக்குறைவு.

ருக்மிணி பின்னால் ரமாவிடம் சொன்னாளாம்: "மொத நாளே பாடமாயிடுத்து. காதைப் பொத்திண்டும் பிரயோஜனமில்லை. அவர் கேக்கறச்சே எங்கே வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னுதான் உள்ளே ஓடி ஜலத்தை வாயிலே நிரப்பிண்டு நிப்பேன்."

கம்பெனி அதற்கப்புறமும் மூன்று மாதம் இழுத்தது. ஓஸ்வால்ட் ஐந்து கடிதம் எழுதினார். ஒன்றை நான் படித்தேன். 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்ற கடைசி வரியைத் தவிர அதில் மரியாதையான வார்த்தை ஒன்றும் இல்லை. பணம் வந்தது. ருக்மிணி மல்லேஸ்வரம் வீட்டிலேயே இருக்கிறாள். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். ஆனேக்கலில் கஸ்தூரிரங்கனே தமக்குச் சாதம் வடித்துக்கொள்வதாகக் கேள்வி, குழைந்துவிடுகிறதாம்.

ஐப்பசியில் ஆறு மாதக் கெடு வந்ததும் ஓஸ்வால்ட் பழக்கதோஷத்தால் அந்த வீட்டுக்கும் வந்தார். நானும் அங்கே இருந்தேன். தொப்பியோடு நேரே சுவருக்குப் போனார். பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. ஆபீஸ் குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய வெங்கடகிருஷ்ணன். ஓரத்தில் தெரியும் அரைத் தோள் என்னுடையது. ஓஸ்வால்டின் கை சட்டத்தைப் பற்றிவிட்டது. திருப்பப் போனவர், முகத்தைப் பார்த்தார். கதவோரம் நின்ற ருக்மிணியைப் பார்த்தார்.

"எந்த மடையன் இதை இவ்ளோ கோணலா மாட்டினான்?" என்று உறுமிக்கொண்டே, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து மெல்ல நேராக வைத்தார்.

படம் நேராகத்தான் இருந்தது.