வண்டியில் இல்லை, டிரைவரிடம்

செம்பரம்பாக்கம் பக்கம், பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. துறைமுகத்திலிருந்து வரும் லாரிகள் எங்கள் வாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து போக வேண்டும். தூண்களுக்குள் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவிகள் உண்டு. காமா கதிருக்குத் தனி, நியூட்ரானுக்குத் தனி. எந்த நாட்டிலோ உடைத்த இயந்திரத்தின் கதிரியக்கத் துண்டு ஒன்று உலைக்குள் விழுந்தால் இரும்பு மொத்தமும் கெட்டுப்போகும். அது உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்திருந்தார்கள். இயற்பியல் படித்துவிட்டுத் திண்டுக்கல்லிலிருந்து வந்தவள் நான். கரையான்சாவடியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன்.

அன்று காலை ஒரு லாரி நுழைந்ததும் அலாரம் அடித்தது. நியூட்ரான் அளவு பூஜ்யம். அதனால் புளுட்டோனியம் மாதிரிப் பயங்கரம் எதுவும் இல்லை என்று மூச்சு விட்டேன். ஆனால் காமா எகிறியிருந்தது. விதிப்படி டிரைவரை இறக்கித் தள்ளி நிற்கச் சொன்னேன். எங்கள் ஆள் ஒருவர் அதே லாரியை மறுபடி ஓட்டினார். தூண்கள் வாயே திறக்கவில்லை.

கையிலிருந்த மீட்டரோடு டிரைவரை நோக்கி நடந்தேன். ஒவ்வோர் அடிக்கும் எண் ஏறியது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. ஆவடிக்காரர், சட்டைக்குள் சிலுவைச் செயின். எத்தனையோ முறை எங்கள் வாசலுக்கு வந்து போனவர்தான். கருவியின் திரையில் ‘அயோடின்’ என்று எழுத்து வந்தது. கண்டுபிடித்துவிட்ட துடிப்பில் வாக்கி டாக்கியை எடுத்து, “வண்டில இல்ல சார், டிரைவர்கிட்டதான் இருக்கு” என்றேன்.

காவலாளி, எடைமேடை, சரக்கு இறக்குபவர்கள் என்று எல்லாரிடமும் அதே அலைவரிசைதான். அவருக்குப் பக்கத்தில் நின்ற வேறு இரண்டு டிரைவர்கள் அதைக் கேட்டுச் சட்டென்று விலகினார்கள்.

“கிட்ட வராதீங்கோ மேடம். இன்னான்னு எனக்குத் தெரியும்” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அலுவலக அறைக்குக் கூட்டிப் போனேன். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

“கயுத்துல கட்டி, கேன்சருன்னாங்கோ. ஆப்ரேசன் பண்ட்டு, அப்பால ஒரு மாத்திரை குடுத்தாங்கோ. கொஞ்ச நாளு புள்ளைங்க, மாசமா கீறவங்க கிட்ட போவாதன்னாங்கோ.”

தைராய்டு புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் மாத்திரை. திரையில் வந்தது அதுதான். “அப்புறம் ஏண்ணே வேலைக்கு வந்தீங்க?”

“ஊடு ஒரே ரூமு. பொண்ணு பிரசவத்துக்கு வந்துகீது. நான் எங்க போவேன்? அதான் வண்டிலயே படுத்துகினு கீறேன்.”

கதிருக்குப் பாதுகாப்பு மூன்று என்று பயிற்சி வகுப்பில் நானே சொல்வேன்: தூரம், நேரம், தடுப்பு. இந்த மனிதர் தூரத்தை அந்த லாரியில் தேடியிருக்கிறார்.

மூலையில் அடுக்கியிருந்த ஈயத் தகடுகளைக் காட்டிக் கேட்டார்: “இத்த கட்டிக்கினா ஊட்டுக்குப் போலாமா?”

“அவ்வளவு கனத்தைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாதுண்ணே. நாளாக ஆக அதுவே கொறஞ்சிரும். எட்டு நாளைக்கு ஒருதரம் பாதியாகும்.”

அறிக்கையில் காரணம் எழுதாமல் விட முடியாது. எழுதினேன். வெளியே நின்றவர்களிடம் மீட்டரைக் காட்டி, ரெண்டு எட்டு தள்ளி நின்றால் பயமே இல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். டீக்கடையில் அவருக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ கொடுத்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். சாயங்காலத்துக்குள் விஷயம் லாரி முதலாளியிடம் போய், வண்டிச் சாவி வேறொரு டிரைவர் கைக்கு மாறிவிட்டது.

அவர் எங்கே படுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் போகவும் இல்லை, தைரியமில்லை.

மூன்று மாதம் கழித்து அவரே வந்தார், இளைத்துப்போய். வேலப்பன்சாவடியில் ஒரு பஞ்சர் கடைக்குப் பின்னால் நான்கு வாரம் படுத்திருந்தாராம். பேரன் பிறந்து வீட்டுக்கு வந்தபோது தெரு முனையில் நின்று பார்த்தாராம்.

“இப்போ கீதான்னு பாத்து சொல்லுங்கோ மேடம்.”

தலை முதல் கால்வரை மீட்டரை ஓட்டினேன். சுவரில் எவ்வளவோ அவ்வளவுதான் அவரிடமும்.

“ஒண்ணுமில்லண்ணே. பேரனைத் தாராளமாத் தூக்கலாம்.”

“எங்க மேடம் தூக்கறது? சம்பந்தி ஊட்டுக்கு யாரோ சொல்ட்டாங்கோ. புள்ளையையும் பொண்ணையும் அரக்கோணத்துக்கு இட்டுகினு போய்ட்டாங்கோ.”

கதிர்வீச்சு இல்லை என்று எழுதித் தரக் கேட்டார். ஆலையின் பெயர் போட்ட தாளில் எழுதித் தர எங்கள் மேலாளர் மறுத்தார். வெள்ளைத்தாளில் எழுதி நான் கையெழுத்திட்டேன். அவர் மருமகனுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் விளக்கினேன். மருமகன் பொறுமையாகக் கேட்டு, “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டார். லாரி முதலாளி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வண்டி இல்லை என்றாராம். இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலை.

இப்போதெல்லாம் அலாரம் அடித்தால் முதலில் டிரைவரை அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக் கேட்கிறேன்.

போன மாதம் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. பேரனுக்கு ஞானஸ்நானமாம். அழைத்திருந்தார்களாம்.

“போனீங்களாண்ணே?”

“போனேன். கடைசி பெஞ்சில குந்தவெச்சாங்கோ. கொரல் மட்டும் கேட்டுச்சு மேடம். தண்ணி ஊத்தசொல்ல நல்லா கத்துனான்.”