இரண்டு சிம்மும் ஒரே டவரும்

ஜெர்மனியில், ஹனோவரில் எங்கள் தெருமுனை டாக்டர் விடுமுறையில் போனால் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அவர் என்று திரும்புவார் என்பது கடைசி வரியில்தான். முதல் வரியில், அதுவரை யாரைப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு டாக்டரின் பெயரும் முகவரியும். நமக்குப் பதிலாக நிற்கும் அந்த ஆளை இவர்கள் ‘ஃபெர்ட்ரேட்டுங்’ என்கிறார்கள். அலுவலகத்திலும் அப்படித்தான். விடுப்பு விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. வந்த புதிதில் அதைக் காலியாக விட்டு அனுப்பினேன். இரண்டு முறை திரும்பி வந்தது. “சார் லீவு, திங்கக்கிழமை வாங்க” என்ற பதிலைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆள் இல்லையென்றால் வேலையும் இல்லை என்பதில் எனக்கு எந்த விநோதமும் தெரிந்ததில்லை.

ஆனால் என் பிழைப்பே பதில் ஆள் ஏற்பாடு செய்வதுதான், மனிதர்களுக்கு அல்ல, கணினிகளுக்கு. வீடுகளில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குச் செவிலியர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு, நாங்கள் ஒரு வலைச்செயலி கட்டியிருக்கிறோம். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், யாருக்கு என்ன ஊசி என்பதைச் செவிலியர் அதில்தான் பார்ப்பார். அது நின்றுபோனால் எங்கோ ஒரு கிழவிக்கு இன்சுலின் தவறும். அதனால் ஒரே செயலியை இரண்டு நகரங்களில் உள்ள சர்வர்களில் ஓட விட்டிருக்கிறோம். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வரும்போது சர்வர்கள் தாமாகவே பெருகும், மதியம் குறையும். பத்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொன்றிடமும் ‘இருக்கிறாயா’ என்று ஒரு கேள்வி போகும். மூன்று முறை பதில் இல்லையென்றால் அதை இறந்ததாக எடுத்துக்கொண்டு, மனிதர் யாரும் கை வைக்காமலே வேலை அடுத்த நகரத்துக்கு மாறிவிடும். அந்த ‘மூன்று முறை’ என்ற விதியை எழுதியவள் நான்.

அம்மா ஸ்ரீவைகுண்டத்தில் தனியாக இருக்கிறாள். ஓய்வுபெற்ற டீச்சர், அப்பா போய்ப் பல வருடம், நான் ஒரே பிள்ளை. அவளுக்கும் தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி உண்டு. ஒவ்வொரு விடுமுறையிலும் அந்த வீட்டுக்கு ஏதாவது ஒன்றை இரண்டாக்கிவிட்டு வருவேன். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ஒரு போன் கெட்டால் இன்னொரு போன். ஒரு கம்பெனியின் சிக்னல் போனால் இருக்கட்டும் என்று வேறொரு கம்பெனி சிம். “எனக்கு எதுக்குட்டி ரெண்டு போனு? நான் என்ன கலெக்டரா?” என்பாள். “இருக்கட்டும்மா” என்பேன். இங்கே படுத்தால் தூக்கம் வருவதற்கு அந்த இரண்டாவது சிம் எனக்கு வேண்டியிருந்தது.

போன மார்கழியில் தாமிரபரணி கரை மீறியது. இரண்டு நாள் விடாத மழை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதே பேச்சு அறுந்தது. மறுபடி அடித்தேன். இன்னொரு எண்ணுக்கு அடித்தேன். இரண்டும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’. பக்கத்து வீடு, எதிர் வீடு, கோயில் தெருவில் இருக்கும் அவள் தோழி, எல்லாருக்கும் அதே குரல் அதே பதிலைச் சொன்னது. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் கல்லூரித் தோழி ஜெபாவைப் பிடித்தேன். “ஸ்ரீவைகுண்டம் ரோடு முழுக்கத் தண்ணியா கெடக்குன்னு சொல்லுதாவ. பஸ்ஸே ஓடல. நீ பதறாத, தெரிஞ்சதும் சொல்லுதேன்” என்றாள். செய்தித் தளங்களில் வந்த படங்களில் எங்கள் தெருவைத் தேடினேன். எல்லாத் தெருவும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தன.

மறுநாள் காலை, பல வாரங்களாகத் திட்டமிட்ட ஒத்திகை. ஒரு நகரத்தை நாங்களே வேண்டுமென்றே துண்டித்து, வேலை தானாக மாறுகிறதா என்று பார்ப்பது. நான்தான் நடத்த வேண்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழுத் தலைவர் மார்ட்டின் என்ன ஆயிற்று என்று கேட்டார். வெள்ளம், அம்மா, நேற்றிலிருந்து பேச முடியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் ஃபெர்ட்ரேட்டுங் யார்?” என்றார்.

“யாரும் இல்லை. நான் ஒரே மகள்” என்றேன்.

அவர் திகைத்தார். எனக்குப் பதில் ஒத்திகையை யார் நடத்துவது என்றுதான் கேட்டிருக்கிறார், என்னை வீட்டுக்கு அனுப்புவதற்காக. அது புரிந்தபோது என் கண் நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மட்டும் என்ன செய்யப் போகிறேன்? வேலை செய்கிறேன் என்றேன். போனை மேசையில் வைத்து, அம்மாவின் இரண்டு எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படியும் மற்றவை ஊமையாக வந்து போகும்படியும் செய்துகொண்டேன்.

பத்து மணிக்கு முதல் நகரத்தைத் துண்டித்தோம். மூன்று கேள்விகள் போயின, பதில் இல்லை, வேலை மாறியது. இரண்டாவது நகரத்தில் சர்வர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. யாரோ கைதட்டினார்கள். பிறகு ஓர் ஓரத்தில் சிவப்புக் கோடு ஏறத் தொடங்கியது. சர்வர்கள் எல்லாம் உயிரோடு இருந்தன, ஆனால் எந்தச் செவிலியராலும் உள்ளே நுழைய முடியவில்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சாவி முதல் நகரத்தில் மட்டும் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டாக்கிய நான் அந்த ஒன்றைப் பார்க்கவில்லை. முதல் நகரத்தை அவசரமாக மீண்டும் இணைக்கச் சொன்னேன்.

கோடு இறங்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன். தெரியாத இந்திய எண் ஒன்றிலிருந்து இரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது முறை திரை ஒளிர்ந்தது. எடுத்தேன்.

“அக்கா, வைகுண்டத்து டீச்சர் மகளா? எம் பேரு சுடலைமுத்து. ரெண்டு மட்டம் அடிச்சேன், எடுக்கலியே. டீச்சர் நல்லா இருக்காவ. மாடில இருக்காவ. பயப்படாதீய.”

“கேக்குதா அக்கா?” என்றார். கேட்கிறது என்றேன். வாழைத்தார் ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். தண்ணீர் கொஞ்சம் வடிந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து டிராக்டரிலேயே பாளையங்கோட்டை வந்திருக்கிறார். கிளம்பும் முன் தெருத்தெருவாக நின்று, வெளியூரில் பிள்ளைகள் இருப்பவர்களிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். நாற்பது நம்பருக்கு மேல். எனக்கு முன்னால் பதினைந்து பேரிடம் பேசி முடித்துவிட்டாராம்.

“ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாவ. ஊசி மருந்து நாளைக் காலை வரைக்குந்தான் இருக்காம். பிரிட்ஜு முங்கிட்டு.”

“அம்மாட்ட ரெண்டு போன் இருக்கே” என்றேன், அசட்டுத்தனமாக.

“ரெண்டு கம்பெனிக்கும் அங்கன ஒத்த டவருதான் அக்கா. அடில ஜெனரேட்டருக்குள்ள தண்ணி ஏறிட்டு.”

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஜெபாவுக்கு அடித்தேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு பிளாஸ்கில் ஐஸ் போட்டு, நடுவில் மருந்தை வைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்னும் சிலரின் மருந்துச் சீட்டும் அவரிடம் இருந்ததாம். அதையும் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். “ஆளு டிராக்டர்ல ஏறிட்டாரு” என்றாள். அதற்குப் பிறகு ஒன்றரை நாள் ஒரு செய்தியும் இல்லை. சுடலைமுத்துவின் எண்ணும் எல்லைக்கு வெளியே போயிருந்தது. அந்த ஒன்றரை நாளில் நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன். ஊரைவிட்டு இருக்கிறவர்களுக்கு அது தெரியும். ஊரில் இருக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டாம்.

பிறகு டவருக்கு உயிர் வந்ததும் அம்மாவே கூப்பிட்டாள். “மருந்து அன்னைக்கே வந்துட்டுட்டி. நெஞ்சளவு தண்ணில தலைக்கு மேல தூக்கிட்டு வந்தான். யாரு பெத்த பிள்ளையோ, இதுக்கு முன்ன நான் பாத்ததே இல்ல. நீ சாப்ட்டியா?”

சாவியை இரண்டு நகரங்களிலும் வைத்துவிட்டோம். அடுத்த ஒத்திகையில் எந்தச் செவிலியருக்கும் எதுவும் தெரியாமலே வேலை மாறியது. ஆனாலும் அறிக்கையில் ‘எல்லாம் பாதுகாப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘நமக்குத் தெரிந்தவரை’ என்று சேர்த்தேன். மார்ட்டின் அதை அடிக்கவில்லை.

மாசியில் ஒரு மாதம், அம்மா வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு வந்தேன். கிளம்பும் அன்று அலுவலகத்தில் எல்லோரும், “வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்” என்று கைகுலுக்கினார்கள். வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு இன்னும் இருந்தது. சுடலைமுத்துவை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். கூச்சத்தோடு வந்தார். எப்படி அத்தனை நம்பரையும் தண்ணீரில் காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். “ஒண்ணு நனஞ்சா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டு தாள்ல எழுதுனேன் அக்கா. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு சைக்கிள்ல வேற வழியாப் போன மச்சான்ட்ட” என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னோடு ஹனோவருக்கு வந்துவிடு என்று அன்று மாலை மறுபடி கேட்டேன். “அங்கன வந்தா நான் யாருட்டி?” என்றாள்.

திரும்ப மூன்று நாள் இருந்தது. மாடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மூலையில் கைப்பிடிச் சுவர்மேல் மடிக்கணினியை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மார்ட்டின் திரையில் சிரித்தபடி, “எப்போது வீட்டுக்கு வருகிறாய்?” என்றார். அதே நேரம் அம்மா ஈரத் துணி வாளியோடு படியேறி வந்தாள். நனைந்த சேலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்து உதறினாள். “ஏட்டி, ஊருக்கு என்னைக்குக் கெளம்புத?” என்றாள்.

ஊருக்கு என்று அவள் சொன்னது ஜெர்மனியை. ஒரு கை மடிக்கணினியில், ஒரு கை சேலையில். இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேலை நடுவில் காற்று வாங்கி உப்பியது. நான் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.